பூட்டுக்கு ஏது காது?

அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா, மொதல்ல கதவைச் சாத்திட்டு உக்காருங்க. முழுசா சாத்த வேண்டாம். ஒரு கை அகலத்துக்குத் திறந்தே இருக்கட்டும், யாராவது வந்தா செருப்புச் சத்தம் கேக்கணும். ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் நொண்டி. இதுல உக்காருங்க. மேல இருக்கற ப்ரூஃப் கட்டைத் தூக்கிக் கீழ வெச்சிடுங்க. மெதுவா! தாள் வரிசை மாறிடுச்சுன்னா இன்னைக்குப் பொழுது எனக்கு அதோட சரி.

ம். சொல்லுங்க. இல்ல, நானே சொல்றேன், நீங்க தலையை ஆட்டினா போதும். எங்க பதிப்பகத்துல பூட்டுக்காரர் தொடர்னு பன்னெண்டு நாவல் வந்திருக்கு. எங்க என்ன மர்மம் நடந்தாலும் ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர் போய்க் கண்டுபிடிப்பாரு. அந்தப் பூட்டுக்காரரோட பொண்டாட்டியை வெச்சு இன்டர்நெட்டுல அடுப்படிங்கற புனைபேர்ல பதினேழு கதை எழுதினது நீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பதினேழையும் அழிச்சுட்டுக் காணாமப் போனதும் நீங்க. இப்ப அந்தத் தொடர்ல பன்னெண்டாவது நாவல் வெளிவந்து ஏழு மாசம் ஆச்சு. அதுல பதினாலாவது அத்தியாயம் உங்களோட கடைசிக் கதை, வரிக்கு வரி உங்க கதைன்னு கேக்க வந்திருக்கீங்க. சரிதானே?

சரி. இதை நான் நம்பணும்.

கோவிச்சுக்காதீங்க. நான் இங்க இருபத்தாறு வருஷமா பிழை திருத்தறவ. எதையும் நம்பாம இருக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. அவன் எழுந்து போனான்னு ஒரு வரி வந்தா, ஏண்டா, நீ போன பக்கத்துல நின்னுட்டில்ல இருந்தேன்னு கேக்கறது என் வேலை. வீட்டுலயும் அதே புத்தி வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் வேலை அதிகம், அதான் லேட்டுன்னா, முன்னுக்குப் பின் முரணா இருக்கேன்னு கேப்பேன். மனுஷன் இப்பல்லாம் காரணமே சொல்றதில்ல.

உங்களை யாரு அனுப்பினாங்க? யாருமே அனுப்பலையா? முன்னாடி வரவேற்புல இருக்கற பொண்ணுதான் கடைசி ரூமுக்குப் போங்கன்னு சொல்லுச்சா? ம்... அது சரி. அவகிட்ட நான்தான் சொல்லி வெச்சிருக்கேன், அடுப்படின்னு யாராவது வந்தா முதலாளிகிட்ட அனுப்பாதே, நேரா என்கிட்ட அனுப்புன்னு. ஏன்னு கேக்காதீங்க. கேள்வி கேக்கறது இப்ப நானு.

போனை எடுத்து மேஜை மேல வைங்க. திரை மேல பாக்கற மாதிரி. தப்பா நெனைக்காதீங்க, நீங்க மூணாவது ஆளு. போன மாசம் ஒரு அம்மா வந்தாங்க, நான்தான் அடுப்படின்னு கண்ணுல தண்ணியோட. கைப்பைக்குள்ள போன் பதிவு பண்ணிட்டே இருக்கு. பத்திரிகைக்காரங்க! அதுக்கு முன்னாடி ஒரு தம்பி. புது ஷூ, புது சட்டை. நான்தான் அடுப்படி, அட்டையில என் பேரைப் போடுங்கறான். அடுப்பை எப்படிப் பத்த வைக்கறதுன்னு அவனுக்குத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்.

நீங்க என்ன வேலை பாக்கறீங்க? ஆல்டரேஷன் கடையா? சொந்தமாவா, சம்பளத்துக்கா? ரெண்டு மெஷின், மாடிப்படிக்குக் கீழ. பேண்டு நீளம் குறைக்கறது, ஜிப் மாத்தறது, இடுப்பு பிடிக்கறது. அதான் தோள்ல வெள்ளை நூல் ஒட்டிட்டிருக்கு. நான் நீங்க உள்ள வந்தப்பவே பாத்தேன். ஆனா ஒண்ணு, நூலை யார் வேணும்னாலும் தோள்ல ஒட்டிட்டு வரலாம். கையைக் காட்டுங்க. அந்தக் கை இல்ல, இடது கை. ஆள்காட்டி விரல். ஊசி குத்தின தழும்பு இருக்கு. ம். சரி, வெச்சுக்குங்க.

இப்ப ஒரு கேள்வி. மொதல் பதினோரு நாவல்ல பூட்டுக்காரர் பொண்டாட்டி எத்தனை தடவை சாப்பிட்டீங்களான்னு கேக்கறா?

தெரியாதா? நிஜமாவே தெரியாதா, இல்ல யோசிக்கறீங்களா? நல்லது. அந்தப் புது ஷூ டக்குன்னு நூத்தி எண்பதுன்னான். தப்பு. இருநூத்திப் பதினாலு. ஆனா அது பெருசில்ல. எழுதறவங்க எண்ண மாட்டாங்கம்மா. எண்றது எங்க பொழப்பு. இருநூத்திப் பதினாலு தடவை ப் விட்டிருக்கா, ட் விட்டிருக்கான்னு பாத்து டிக் போட்டவ நான். அவளுக்குப் பதினோரு நாவல்லயும் பேரு கிடையாது. கதவைத் திறப்பா. சாப்பிட்டீங்களாம்பா. உள்ள போயிடுவா. நடுவுல அவர் பூட்டுக்காரர், ஊர் உலகத்துப் பூட்டையெல்லாம் திறப்பாரு. மறுபடி வருவாரு. கதவு திறக்கும். சாப்பிட்டீங்களா. நான் ஒருதரம் பெரியவர்கிட்டயே கேட்டேன். பெரியவர்னா எழுத்தாளர், நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். ஐயா, இந்த அம்மாவுக்கு ஒரு பேரு வெச்சா என்னன்னேன். எதுக்கும்மா, அவதான் வீட்டுலயே இருக்காளேன்னாரு.

வீட்டுல இருந்தா பேரு வேண்டாமாம். கேட்டுக்குங்க.

நீங்க எழுதின அந்த மச்சக் கதை இருக்கே, மூணாவது. அது உங்களுக்கு எப்படித் தோணுச்சு? நீங்க சொல்லுங்க, நான் சரி பாக்கறேன்.

ம்... ம்... ஆமா. நாலாவது நாவல்ல அவளுக்கு இடது கன்னத்துல மச்சம். ஆறாவதுல வலது கன்னத்துல. சரிதான். அது என்னன்னு எனக்குத் தெரியும்மா, அது சுத்தமான தப்பு. பெரியவருக்கு ஞாபகம் இல்ல, அவ்வளவுதான். நான் ஓரத்துல சிவப்புல எழுதி அனுப்பினேன், ஐயா, மச்சம் கன்னம் மாறிடுச்சுன்னு. பொண்டாட்டி மச்சத்தை எவன் பாக்கப் போறான், விடும்மான்னு பதில் வந்துச்சு. அப்படியே அச்சாச்சு. பத்து வருஷம் யாரும் கேக்கல. எவன் பாக்கப் போறான்னாரே, நீங்க பாத்திருக்கீங்க! பாத்துட்டு, தப்புன்னு சிரிச்சுட்டுப் போகாம, நாலாவது நாவல் வரைக்கும் புருஷன் அவளை நேருக்கு நேரா பாத்தான், அதுக்கப்புறம் சட்டை மாட்டும்போது கண்ணாடி வழியா மட்டும்தான் பாக்கறான், அதான் மச்சம் பக்கம் மாறிடுச்சுன்னு எழுதினீங்க.

நான் அதை இதே மேஜையில உக்காந்து படிச்சேன். படிச்சுட்டு பாத்ரூமுக்குப் போய்க் கண்ணாடி முன்னாடி நின்னேன். ஏன்னு தெரியல. என் தப்பும் அதுல பாதி இருக்கில்ல, விட்டது நான்தானே. அந்தத் தப்புக்கு ஒருத்தங்க உயிர் குடுத்திருக்காங்கன்னா...

சரி சரி. நீங்க என்னைப் பேச வெச்சு வாயைப் பிடுங்கப் பாக்கறீங்க. அதெல்லாம் நடக்காது. இந்த மச்சக் கதையை ஆயிரம் பேரு படிச்சிருக்காங்க, யாரு வேணும்னாலும் சொல்லலாம்.

உங்க கதைக்குக் கீழ யாரெல்லாம் கருத்து எழுதுவாங்க? ஞாபகம் இருக்கறவங்களைச் சொல்லுங்க. ம். ம். அப்புறம்? ஒற்றுப்பிழைன்னு ஒரு ஆளா? அது யாரு?

கிறுக்கா? ஏன் கிறுக்குங்கறீங்க?

ஓஹோ. கதையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம, மூணாவது பத்தியில க் விட்டுப்போச்சு, ஏழாவதுல ப் மிகாதுன்னு எழுதிட்டே இருக்கும். பெத்த புள்ளையைக் கொண்டு போய்க் காட்டினா மூக்குல சளி இருக்குங்கற மாதிரி. நல்லாத்தான் சொல்றீங்க. இல்ல, எனக்கு என்ன, நான் எதுக்கு முகத்தைச் சுளிக்கறேன். ஆனா உங்க மொதல் கதையை எடுத்துக்குங்க. நாலு பக்கத்துல அறுபத்தி மூணு தப்பு. ஒன்பதாவது கதை பன்னெண்டு பக்கம், மொத்தமே நாலு. அந்தக் கிறுக்கு சொன்னதைக் கேட்டுக்கிட்டதாலதானே? கேட்டுக்கிட்டேன்னு ஒத்துக்கறீங்க இல்ல? அவ்வளவு போதும். தப்பு மட்டும் இல்ல, வாக்கியமே மாறுச்சு. மொதல்ல எல்லாம் பெரியவர் மாதிரியே எழுதுவீங்க, அதே நீளம், அதே ஆனாலும், அதே இருப்பினும். அஞ்சாவது கதைக்கப்புறம் இருப்பினும் போயிடுச்சு. சின்னச் சின்னதா, வெட்டி வெட்டி, உங்க நடை வந்துடுச்சு. அடுத்தவர் சட்டையைப் பிரிச்சு உங்க அளவுக்குத் தெச்சுக்கிட்டீங்க. பாக்கப்போனா அதுவும் உங்க தொழில்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பெரியவருக்கு நடந்த பாராட்டு விழாவுக்கு வந்திருந்தீங்களா? பெரியவர் பேசினாரே. எங்க உக்காந்திருந்தீங்க? பின்னாடி, தூண் மறைவுல. என்ன சொன்னாருன்னு உங்க வாயால சொல்லுங்க.

...

வேண்டாம், விடுங்க. நானே சொல்றேன். கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, உங்க பாத்திரங்களை வெச்சு ரசிகர்கள் கதை எழுதறாங்களே, ஃபேன் ஃபிக்‌ஷன்னு சொல்றாங்களே, அடுப்படின்னு ஒருத்தங்க நல்லா எழுதறாங்க, படிச்சீங்களான்னு கேட்டாரு. பெரியவர் சிரிச்சாரு. அடுத்தவன் வீட்டு அடுப்படியில பூந்து சட்டியை உருட்டறவங்களுக்கெல்லாம் எழுத்தாளர்னு பேரு வேறயான்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க.

நானும் தட்டினேன். முதல் வரிசை, முதலாளி பக்கத்துல உக்காந்திருந்தார், என்னைத் திரும்பிப் பாத்தார், தட்டிட்டேன். மறுநாள் காலையில வேலைக்கு வந்து சைட்டைத் திறந்தா ஒண்ணுமே இல்ல. இந்தப் பக்கம் கிடைக்கவில்லைன்னு வருது. கிடைக்கவில்லைங்கறதுல க் சரியா இருக்கான்னு கூடப் பாத்தேன்னா பாத்துக்குங்க, என் புத்தி அப்படி.

அவர் கட்டின வீடுதான், நான் இல்லேங்கல. தூண், கூரை, கதவு எல்லாம் அவர் வெச்சது. ஆனா அந்த அடுப்படிக்குள்ள அவர் ஒருநாளும் காலை வெச்சதில்லம்மா. நீங்கதான் போனீங்க. போய், இங்க ஒருத்தி நிக்கறா, இவளுக்குக் கால் வலிக்குதுன்னு எங்களுக்கு வந்து சொன்னீங்க. இதுக்குப் பேரு சட்டியை உருட்டறதா?

இருங்க. செருப்புச் சத்தம்.

...

இல்ல, டீ கொண்டு வர்றவர். பக்கத்து ரூமுக்குப் போறார்.

இத பாருங்க, எனக்கு மணிக்கட்டுல வலி. பேனா பிடிச்சுப் பிடிச்சு வந்தது. இந்த மேஜையோட கீழ் டிராயரைக் கொஞ்சம் திறந்து குடுங்க. இந்தாங்க சாவி. உள்ள ஒரு கட்டு இருக்கும், அதை வெச்சுத்தான் உங்களைக் கடைசியா ஒரு கேள்வி கேக்கணும். குனிஞ்சு பாருங்க, வெளிச்சம் பத்தாது. ஏன், வரலையா? நல்லா அழுத்துங்க. திருப்பிப் போட்டுப் பாருங்க.

என்ன சொன்னீங்க?

இல்ல, இப்ப முணுமுணுத்தீங்களே. அதை இன்னொரு தடவை சொல்லுங்க. பரவால்ல, சத்தமாவே சொல்லுங்க.

சாவி பெருசு, பூட்டு காதுல நுழையலைங்கறீங்க.

...

கொஞ்சம் இருங்கம்மா. நான் எழுந்து அந்தக் கதவை முழுசா சாத்திட்டு வர்றேன்.

தண்ணி குடிக்கறீங்களா? நான் குடிக்கறேன். அந்தச் சாவி தப்பு சாவி. வேணும்னுதான் குடுத்தேன். அந்தப் பத்திரிகை அம்மா, சாவி சேரலைங்கன்னாங்க. அந்தத் தம்பி, ஓட்டை சின்னதா இருக்கு மேடம்னான். பதினாலாவது அத்தியாயத்துல படிச்சிருப்பாங்க, காதுங்கற அந்த வார்த்தை அவங்களுக்கும் தெரியும்தான். ஆனா குனிஞ்சு முக்கிட்டு இருக்கும்போது வாயில தானா வர்றது வேற. ஊசியில நூல் கோக்கறவங்களுக்குத்தான் ஓட்டையெல்லாம் காது. ஊசிக்காது. அதனால பூட்டுக்கும் காது. சாவித் துவாரம்னு பதினோரு நாவல்ல பெரியவர் எழுதியிருக்கார், அது உங்க மண்டையில ஏறவே இல்ல. பதினேழு கதையிலயும் பூட்டு காது, பூட்டு காது. அதுவும் நடுவுல க் இல்லாம.

இந்தாங்க சரியான சாவி. என் கண்ணாடிக் கூட்டுக்குள்ளதான் இருக்கும் எப்பவும். திறங்க.

ஆமா. உங்களோடதுதான். பதினேழும். நீங்க அழிக்கறதுக்கு முன்னாடியே நான் ஒவ்வொண்ணா பிரின்ட் எடுத்து வெச்சிருந்தேன். சிவப்பு மையா? அது... திருத்தாம படிக்க எனக்கு வராதும்மா. அது ஒரு வியாதி. பாருங்க, காதை எங்கயும் நான் அடிக்கலை. க் மட்டும்தான் போட்டிருக்கேன். எட்டாவது கதைக்குக் கீழ ஒரு கேள்வி கேட்டிருந்தேன், பூட்டுக்கு ஏது காதுன்னு. கிண்டலாத்தான் கேட்டேன். நீங்க பதிலே போடல. அடுத்த வாரம் ஒன்பதாவது கதை வருது. அதுல அவ கதவுகிட்ட வந்து, பூட்டோட காதுல தன் காதை வெச்சு, வெளிய தெருவுல போறவங்க பேசறதைக் கேக்கறா. ரெண்டு காதும் ஒட்டிட்டு இருக்கு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் ஜன்மத்துல நான் கேட்ட கேள்விக்கு யாரும் அப்படிப் பதில் சொன்னதில்ல. அதுவும் ஒரு நொட்டைக் கேள்விக்கு.

ஆமாம்மா. அந்தக் கிறுக்கு நான்தான்.

சிரிங்க, சிரிங்க. நீங்க சிரிச்சு இப்பத்தான் பாக்கறேன்.

இல்ல, பெரியவரைத் திட்டாதீங்க. திருடன்னு சொல்லாதீங்க, பாவம். சொல்றேன், கேளுங்க. அவருக்கு ஞாபகம் போயிட்டிருக்கு. வெளிய யாருக்கும் தெரியாது. பன்னெண்டாவது நாவலோட கையெழுத்துப் பிரதி வந்துச்சு. பதிமூணாவது அத்தியாயம் இருக்கு. பதினாலாவதைப் பாத்தா மறுபடி பதிமூணு, கொஞ்சம் வேற வார்த்தையில. அதுக்கப்புறம் மறுபடி அதே பதிமூணு. ஒரே அத்தியாயத்தை மூணு தடவை எழுதியிருக்கார், எழுதினது தெரியாம. அப்புறம் நேரா கடைசி அத்தியாயம். நடுவுல பெரிய பள்ளம். முதலாளிகிட்ட கொண்டு போனேன். அச்சகத்துல தேதி வாங்கியாச்சு, அவருக்கு எதுவும் சொல்லி மனசை நோகடிக்காதே, நீதான் இத்தனை வருஷமா பாக்கறியே, எப்படியாவது ஒப்பேத்துன்னார். எப்படின்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல.

அப்புறம் பதினாலாவது அத்தியாயம் ப்ரூஃபைப் பெரியவர் வீட்டுக்குக் கொண்டு போய் நான்தான் வாசிச்சுக் காட்டினேன். கண்ணு வேற மங்கல் அவருக்கு. பூட்டுக்காரர் காலையில கிளம்பறாரு, பத்திரம்னு சொல்லி வழக்கம்போல வெளியில இருந்து பூட்டிட்டுப் போறாரு. ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கறவர், முப்பது வருஷமா அவளை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிருக்காரு. அவ அவரோட பழைய இரும்புத் துண்டை எடுத்து, அவர் அரத்தால ராவித் தேய்க்கறதைப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதை வெச்சு, தானே ஒரு சாவி ராவி வெச்சிருக்கா. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுட்டே இருந்தார். முடிச்சதும் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம், அவ உள்ள நிக்கறதை நான் இத்தனை வருஷமா பாக்கவே இல்லையேம்மான்னார். கண்ணுல தண்ணி. அப்புறம் கேட்டார், இதை நான் எப்ப எழுதினேன்?

போன மாசம்னேன்.

ஆமா. உங்க கடைசிக் கதையோட பதினோரு பக்கத்தை எடுத்து அங்க வெச்சது அவர் இல்லம்மா. நான்தான்.

வேண்டாம், எழுந்துக்காதீங்க. உக்காருங்க. தயவு பண்ணி உக்காருங்க. உங்களுக்கு நல்லது பண்றதுக்குன்னு சொன்னா அது பொய். மொதல்ல எனக்கு அந்தப் பள்ளத்தை ரொப்பணும். என் வேலை அது. ரெண்டாவது, நான் பாத்த வரைக்கும் அந்தப் பொம்பளை உயிரோட நடமாடின ஒரே இடம் இந்த டிராயர்தான். மூணாவதா ஒண்ணு இருக்கு. நீங்க அழிச்சுட்டுப் போயிட்டீங்க. பேரு தெரியாது, ஊரு தெரியாது, கேக்க ஆளில்ல. அச்சுல வந்தா நீங்க பாப்பீங்க. பாத்தா கோவம் வரும். கோவம் வந்தா வருவீங்க. மொத்தப் புத்தகத்துலயும் பெரியவர் வார்த்தைப்படி சாவித் துவாரம்னுதான் இருக்கு, அந்த அத்தியாயத்துல மட்டும் காதுன்னு விட்டு வெச்சேன். இருபத்தாறு வருஷத்துல யாரும் விடச் சொல்லாம நானா தெரிஞ்சே விட்ட ஒரே பிழை. எந்தப் படுபாவி இதை எழுதினாளோ அவளுக்கு மட்டும் சுருக்குன்னு குத்தட்டும்னு. க் மட்டும் போட்டேன். அது மட்டும் என்னால முடியல, மன்னிச்சுக்குங்க.

ஏழு மாசமா செருப்புச் சத்தம் கேட்டுட்டு உக்காந்திருக்கேன்மா.

இந்தாங்க, இது ரெண்டாம் பதிப்போட முதல் பக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அதுக்கப்புறம் என் கை அதுல படாது. இங்க பாருங்க, பதினாலாவது அத்தியாயத்தை எழுதியவர்னு அடிச்சு, பக்கத்துல இடம் விட்டிருக்கேன். அடுப்படின்னு போட மாட்டேன். உங்க நிஜப் பேரு எழுதுங்க. பதினோரு நாவல் ஒருத்தி பேரில்லாம இருந்தது போதும். சிவப்புப் பேனாதான் இருக்கு, அதுலயே எழுதுங்க. இது நடந்தது நடந்தபடி எழுதின கடிதம், என் கையெழுத்தோட. மேஜை மேல வெச்சிருக்கேன், முதலாளி வந்ததும் குடுக்கப் போறேன். நகல் உங்களுக்கு. வேலை போகும். போகட்டும். பெரியவர்கிட்டயும் நானே போய்ச் சொல்லணும், அதுதான் இதையெல்லாம் விடக் கஷ்டம். கேஸ் போடறதா இருந்தா என் மேல போடுங்க, அவர் மேல வேண்டாம்.

எழுதிட்டீங்களா? நல்ல பேரு. பிழையே இல்ல.

இப்ப நெஜமாவே செருப்புச் சத்தம், முதலாளிதான். இழுத்து இழுத்து நடப்பாரு. வரட்டும், படி ஏறி வர ரெண்டு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள எனக்கு ஒண்ணு சொல்லிடுங்க. பதினேழாவது கதையில, அவ ராவின சாவியைப் பூட்டுக்காதுல வைக்கறா, அதோட முடிச்சுட்டீங்க. அடுத்த வாரம் வரும்னு நெனைச்சேன், வரல. பெரியவரோட கடைசி அத்தியாயத்துல புருஷன் திரும்பி வர்றாரு, இவ உள்ளதான் இருக்கா, சாப்பிட்டீங்களாங்கறா. இந்த நாவல்ல அந்த ஒரு தடவைதான். இருநூத்திப் பதினஞ்சு. அதையும் நான்தான் டிக் போட்டு அச்சுக்கு அனுப்பினேன். அதை விடுங்க, அது அவர் சொன்னது. நீங்க சொல்லுங்கம்மா. அவ சாவியைத் திருப்பினாளா, இல்லையா?